சின்ன லவா, சிறப்பு ழவா

இடி இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது கியர் ஒரு பல் டாக்டரம்மாவுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். செய்தி காதில் விழுந்ததும் அவருடைய கால் தானாகப் போய்த் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் மிதிப்பதற்கு. அன்று டாக்டரம்மா ஒரு தப்பும் செய்யவில்லை.

"கண்ணாடியைப் பார்த்துட்டுத்தானே சார் எடுத்தேன்? பின்னாடி ஒண்ணும் இல்லையே?"

"நீங்க சரியாத்தாம்மா எடுத்தீங்க. எனக்கு வேண்டியவர் ஒருத்தர் தவறிட்டார்."

"ஐயோ. நெருங்கின சொந்தமா?"

கியர் யோசித்தார். இடியை அவர் பக்கத்தில் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஒரு கச்சேரி முடிந்து மேடையின் பின்பக்கத்து நெரிசலில் எதிரே வந்தவர், "கொஞ்சம் வழி விடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

"சொந்தம்னு சொல்ல முடியாது. பாடகர்."

"ஓ," என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் இருந்த இரக்கம் பாதியாகக் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது.

கியர் என்பது அவருக்கு ரசிகர் மன்றம் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இடி என்பது பாடகருக்கு ஊர் உலகம் வைத்த பெயர். தொண்டையில் சரளைக்கல்லைப் போட்டு உருட்டியது போன்ற குரல். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி நின்று, முப்பது வயதைத் தாண்ட மாட்டேன் என்று பாடி, இரண்டு தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்தவர். கடைசியில் எழுபதையும் தாண்டி, ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டு, தன் படுக்கையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ரசிகர்களில் சிலருக்கு இதில் சின்ன மனத்தாங்கல் உண்டு. வாய்விட்டுச் சொல்ல முடியாதே, அதனால் இரங்கல் குறிப்புகளில் "எதிர்பாராத மறைவு" என்று எழுதித் தேற்றிக்கொண்டார்கள்.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுக் கியர் கைபேசியை எடுத்தார். கட்டைவிரல் யாரைக் கேட்டுக்கொண்டு போயிற்றோ, "மச்சான்" என்று பதிந்து வைத்திருந்த எண்ணில் போய் நின்றது. பல வருடமாக அந்த எண்ணுக்கு அவர் பேசியதில்லை. கைபேசியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார். இடி போனதுகூட வயது என்று ஆறிவிடும். அதைச் சொல்லி அழ வேண்டிய ஒரே ஆளிடம் சொல்ல முடியவில்லையே என்பதுதான் ஆறாது.

கல்லூரி நாட்களில் அவர்கள் வெறும் வாய்ப்பேச்சுக்கு மச்சான்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டு இடியைக் கேட்டவர்கள். பிறகு கியர் நண்பனின் தங்கையையே கட்டிக்கொண்டார். மச்சான் என்று கூப்பிடும் உரிமை உறவுமுறைப்படியே வந்து சேர்ந்தது. நண்பர் இவரை "மாப்ள" என்பார். அவர் பிசியோதெரபி படித்து, முட்டிவலி இடுப்புவலிக்காரர்களைப் படுக்கவைத்து நீட்டி மடக்கும் ஒரு சின்ன மருத்துவ நிலையம் வைத்திருந்தார். மன்றத்தில் அவர் பெயர் பிசியோ.

வினை ஒரு பாட்டால் வந்தது. இடியின் பாட்டுகளிலேயே பெரிய பாட்டு அது. லிஃப்ட் கெட்டுப்போன கட்டடம் ஒன்றில் ஒரு மனிதன் மாடிப்படி ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் டிரம்ஸ் ஒரு கணம் நின்றுபோக, இடி உயிர் போகிறாற்போல் கத்துவார். அந்த வரியைத்தான் கூட்டம் கூட்டமாக ரசிகர்கள் கூடவே கத்தினார்கள். கியர் காதில் விழுந்தது: "இன்னும் வழி இருக்கு." பிசியோ காதில் விழுந்தது: "இன்னும் வலி இருக்கு."

மாடிப்படி ஏறுகிறவனுக்கு இரண்டுமே பொருந்தும். அதுதான் சிக்கல். கேசட் உறையில் பாட்டு வரிகளை அச்சடிக்கும் வழக்கம் இடிக்கு இல்லை. பேட்டியில் கேட்டால், "உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சோ, நான் அப்படித்தான் பாடினேன்" என்பார். இதைப் பெரிய தத்துவம் என்று எடுத்துக்கொண்ட ரசிகர்கள், மறுநாளே அடித்துக்கொண்டார்கள். வழிக் கட்சிக்குச் சாட்சி கியர். நேருக்கு நேர், "வழி விடுப்பா" என்று சுத்தமான சிறப்பு ழகரத்தில் சொன்னதைத் தன் காதால் கேட்டவர். வலிக் கட்சி, இடி ஒரு பற்பசை விளம்பரத்தில் "பழம்" என்பதைப் "பலம்" என்று சொன்னதைப் பதிவுசெய்து வைத்திருந்தது. இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு தமிழாசிரியர் இருந்தார். அது பெரிய ளகரம், "வளி", அதாவது காற்று. மாடி ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும் அல்லவா என்பது அவர் வாதம். அவர் கட்சியில் அவர் ஒருவர்தான். உட்கட்சிப் பூசல் மட்டும் இல்லாமல் நிம்மதியாக இருந்தார்.

இவ்வளவும் விளையாட்டாகத்தான் இருந்தது, கியர் டிரைவிங் ஸ்கூல் தொடங்கி அதற்கு "வழி" என்று பெயர் வைக்கும்வரை. திறப்பு விழாவில் வாழ்த்திப் பேச பிசியோவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "என் மாப்ள நல்லா ஓட்டுவான். போர்டுலதான் ஒரு எழுத்துப்பிழை," என்றார் பிசியோ. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடன் வாங்கித் தொடங்கிய தொழில். கியருக்குச் சுருக்கென்று தைத்தது. மைக்கைப் பிடுங்கி, "ஊரான் வலியில பிழைக்கிறவனுக்கு வேற என்ன கேக்கும்?" என்றார். பிசியோவின் நோயாளிகள் நாலைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிசியோ முகத்தில் ஈயாடவில்லை. தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

அன்றோடு பேச்சு அறுந்தது. மன்றமும் இரண்டாக உடைந்தது. பிசியோ தங்கையைப் பார்க்க வருவார், கியர் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து. வந்தால், "உன் வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்பார். கூடவே படித்தவனை வீட்டுக்காரராக்கி, "ர்" போட்டு மரியாதை கொடுப்பதைவிட மோசமான வசவு உறவுமுறையில் கிடையாது.

இடிக்கு இரங்கல் கூட்டம் என்றால் இரண்டு மன்றமும் சேர்ந்துதான் நடத்தவேண்டும் என்று முடிவாயிற்று. தலைவராக, குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரைப் பொதுவாகப் பிடித்தார்கள். அவர் நடுநிலையாளர், இடியின் பாட்டில் டிரம்ஸை மட்டுமே கேட்பவர். மறுநாளே கியரைக் கூப்பிட்டார்.

"கியர், பேனர்காரன் லைன்ல நிக்கிறான். படத்துக்குக் கீழ அந்த வரியைப் போடணுமாம். சின்ன லவா, சிறப்பு ழவாங்கிறான். நான் என்னய்யா சொல்லட்டும்?"

"அந்தப் பக்கம் கேட்டீங்களா?"

"பிசியோவைக் கேட்டேன். 'உங்களுக்கே தெரியும்'ங்கிறார். நீங்களும் இப்ப அதைத்தான் சொல்லப் போறீங்க."

"உங்களுக்கே தெரியும் சார்."

"நல்லா இருங்கய்யா," என்று போனை வைத்தார் தலைவர். குழாய் எங்கே வெடித்தாலும் சாக்கைச் சுற்றி ஒப்பேற்றிய அனுபவம் கைகொடுத்தது. இடியின் கிட்டாரை நடுவில் செங்குத்தாக நிறுத்தி, அந்த எழுத்தை மறைத்துவிட்டார். "இன்னும் வ", அப்புறம் ஒரு கிட்டார், அப்புறம் "இருக்கு".

ஞாயிற்றுக்கிழமை மதியம் கியர் மனைவி அவருடைய கறுப்புச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இது வயித்துகிட்ட பட்டன் போடாது. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது."

"மூச்சைப் பிடிச்சுக்கிறேன்."

"கூட்டம் முடியற வரைக்குமா? அங்க என் அண்ணன் வருவான்ல. ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"என்னன்னு பேசச் சொல்ற? நான் முதல்ல வாயைத் திறந்தா, வலின்னு ஒத்துக்கிட்டதா ஊரெல்லாம் சொல்வான்."

"ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கப்பா. அவன் இங்க வந்தா உங்க செருப்பு வாசல்ல இருக்கான்னு பார்க்கிறான். நீங்க வந்தா டம்ளர் எண்ணிக்கை பார்த்து அவன் வந்துட்டுப் போனானான்னு பார்க்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. பாட்டைப் பாடினவர் செத்தே போயிட்டார், இன்னும் யாருக்குங்க எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கீங்க?"

கியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டன் போட்டார்.

கூட்டம் ஒரு பேட்மின்டன் கிளப் ஹாலில். வலையைக் கழற்றிவிட்டார்கள், கம்பங்களும் தரையில் வெள்ளைக் கோடுகளும் அப்படியே இருந்தன. யாரும் சொல்லவில்லை, ஆனால் வழிக்காரர்கள் ஒரு பக்கத்து ஆட்டக்களத்திலும் வலிக்காரர்கள் எதிர்ப்பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தமிழாசிரியர் கம்பத்தை ஒட்டி, நடுக்கோட்டின் மேல் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எல்லோரும் கறுப்புச் சட்டை. ஒரு காலத்தில் தோள்வரை முடி வளர்த்தவர்கள். இப்போது முடி இருந்த இடமெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது.

பிசியோ எதிர்வரிசையில் இருந்தார். மெலிந்திருந்தார். மற்றவர் முதுகையெல்லாம் நிமிர்த்துகிறவருக்குத் தன் முதுகு லேசாக வளைந்திருந்தது. கியர் பேனரைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பியபோது மட்டும் உண்மையிலேயே பேனரைப் பார்த்தார்.

பேச வந்தவர்கள் எல்லோரும் கண்ணிவெடியில் நடக்கிறவர்களைப்போலப் பேசினார்கள். "அவர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்..." என்று ஒருவர் நிறுத்தினார். "எதுவென்று உங்களுக்கே தெரியும்," என்று அடுத்தவர் தாண்டினார். பிறகு தலைவர், "அண்ணியார் அவர்கள் இரண்டு வார்த்தை," என்று இடியின் மனைவியை அழைத்தார்.

மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். மற்றவர்கள் கறுப்பில் இருக்க, அவர் மட்டும் பூப்போட்ட புடவையில் வந்திருந்தார். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பேனரைப் பார்த்தார்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. எல்லாரும் வந்ததுக்கு நன்றி. ஆமா, இந்தக் கிட்டார் ஏன் எழுத்து மேல நிக்குது?"

தலைவர் குனிந்து காதோடு விளக்கினார். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்கா இப்படிப் பிரிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க? அவர்கிட்டயும் பத்திரிகைக்காரங்க கேப்பாங்க. சொல்லிடுங்களேன்னு நானே சொல்வேன். 'ரெண்டு பக்கமும் கேசட் வாங்குறான், நான் எதுக்கு வாயைத் திறக்கணும்'பார். அது வழியும் இல்லப்பா, வலியும் இல்ல. வரி."



"வரின்னா... டாக்ஸா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"பாட்டு வரி. அன்னைக்கு ரெக்கார்டிங்ல நானும் இருந்தேன். டிரம்ஸ்காரருக்கு நல்ல பசி. பாட்டு முடிஞ்சுதுன்னு நெனச்சுக் குச்சியைக் கீழ வச்சிட்டார். பாட்டுல இன்னும் ரெண்டு வரி பாக்கி. இவர் மைக்கை விடாம, 'இன்னும் வரி இருக்கு, இன்னும் வரி இருக்கு'ன்னு அந்த மனுஷனைப் பார்த்துக் கத்தினார். அவர் பயந்துபோய்க் குச்சியை எடுத்து அடிச்சார் பாருங்க, அப்படி ஒரு அடி. போட்டுக் கேட்டா நல்லா இருந்துது. சரின்னு அப்படியே விட்டுட்டாங்க. பாக்கி இருந்த ரெண்டு வரியை அவர் கடைசி வரைக்கும் பாடவே இல்ல. மறந்தும் போயிருப்பார்."

சொல்லிவிட்டு அம்மாள் உட்கார்ந்து, கொண்டுவந்து வைத்த தேநீரை ஆற்ற ஆரம்பித்தார்.

அடுத்து நடந்தது மன்ற வரலாற்றில் நடக்காதது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

"அது எப்படிங்க வரியாகும்? இதைக் கேட்டுத்தான் நான் ஆஸ்பத்திரியில இருந்து எழுந்து நடந்தேன். யாரோ ஒரு ஆளுக்குப் பசின்னா நான் எழுந்தேன்?" என்றார் ஒரு வழிக்காரர்.

"அதானே! நல்லாக் கேளுங்க சார்," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வலிக்காரர் கைதட்டினார்.

"அம்மா துக்கத்துல இருக்காங்க. துக்கத்துல காது சரியா வேலை செய்யாது."

"வீட்டுப் பொம்பளைங்களுக்குப் புருஷன் சொல்றது என்னைக்குங்க சரியாக் கேட்டிருக்கு? என் வீட்டையே எடுத்துக்கங்களேன்."

"ரகரமும் இடையினம்தான்," என்றார் தமிழாசிரியர், ஏதோ வழக்குத் தீர்ந்துவிட்டதுபோல. யாரும் கேட்கவில்லை.

கடைசியில் தலைவர் எழுந்து, அம்மையாரின் நினைவுகளை மன்றம் மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டதாகவும், பாட்டைப் பொறுத்தவரை ரசிகர்கள் கேட்டதே பாட்டு என்றும் ஒரு தீர்மானம் படித்தார். கைகள் எல்லாம் உயர்ந்தன. இரண்டு மன்றமும் பிரிந்தபின் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. நடுக்கோட்டைத் தாண்டி வந்து சிலர் கட்டிக்கொண்டார்கள். அம்மாள் தேநீர் நன்றாக இருக்கிறது என்று தலைவரிடம் சொன்னார்.

பிறகு பாட்டைப் போட்டார்கள். மாடிப்படி ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்று கூடவே பாடினார்கள். டிரம்ஸ் நின்றது. அந்த இடம் வந்தது. அவரவர் எழுத்தை அவரவர் நெஞ்சு வெடிக்கக் கத்தினார்கள். கியரும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இத்தனை வருடம் அவர் காதில் கல்வெட்டாக இருந்த சொல் இருந்த இடத்தில், ஒரு மனிதன் பசித்த இன்னொரு மனிதனைப் பார்த்துப் பதறிப்போய்க் கத்திக்கொண்டிருந்தான். வரி. வேறு எதுவும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தார். ஹால் முழுக்க வாய்கள் திறந்திருந்தன. எதிர்வரிசையில் ஒரே ஒரு வாய் மூடியிருந்தது. பிசியோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கியர் பேனரைப் பார்க்கவில்லை.

வெளியே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கியர் சாவியைத் துழாவிக்கொண்டு நின்றார். பயிற்சி வண்டி பக்கத்தில்தான் இருந்தது. சாவி கையில்தான் இருந்தது. காலடிச் சத்தம் பின்னால் வந்து நின்றது. என்ன பேச்சு வரப்போகிறது, எப்படிப் பதில் சொல்வது என்று இத்தனை காலம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றது.

"மாப்ள," என்றார் பிசியோ. "டிரம்ஸ்காரருக்குப் பசியாம்டா."

கியருக்குச் சிரிப்பு குபீரென்று வந்தது. கறுப்புச் சட்டையின் வயிற்றுப் பட்டன் தெறித்து எங்கோ போய் விழுந்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்குமே தெரியவில்லை. பானெட்டில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நடுவயது ஆண்கள் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். அந்த வழியாகப் போன ரசிகர்கள், இடிக்காக இப்படி அழுகிறார்களே என்று நெகிழ்ந்துபோய்த் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"இடி மாப்ள," என்றார் பிசியோ மூக்கைச் சிந்திக்கொண்டு. "போயிட்டார்ல."

"போயிட்டார் மச்சான். ரேடியோவுல கேட்டதும் உனக்குத்தான் போன் பண்ணப் போனேன்."

"நான் கையில போனை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவரோட முட்டியை மடக்கிப் பிடிச்சவன், நீட்ட மறந்துட்டேன். பாவம், அந்த மனுஷன் கத்தினார்."

வண்டியைத் தானே ஓட்டுவதாகப் பிசியோ சொன்னார். கியர் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு பிசியோ, "போடேன் ஒரு தடவை," என்றார். கியர் பாட்டைப் போட்டார். அந்த இடம் வந்தபோது வண்டி சிவப்பு விளக்கில் நின்றிருந்தது. இருவரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். சந்தேகமே இல்லை. குழந்தைகூடச் சொல்லிவிடும். இத்தனை தெளிவாக ஒரு மனிதன் "வரி" என்று கத்துவதை எப்படி இரண்டு படித்த ஆட்கள் தப்பாகக் கேட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

கியர் ஓரக்கண்ணால் பார்த்தார். பிசியோ பாட்டை நிறுத்தக் கையை நீட்டி, நிறுத்தாமலே எடுத்துக்கொண்டார். இவன் கண்ட நோயாளிகளுக்கெல்லாம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டி, வலி இருக்கும், இருந்தாலும் ஏறு என்று சொல்லித்தானே எழுப்பி நிற்கவைத்தான்?

"வலிதான் மச்சான்," என்றார் கியர். "இப்பத்தான் சரியாக் கேட்டேன். உன்னுதுதான் சரி."

பிசியோ சட்டென்று திரும்பினார். "உளறாத. சுத்தமா வழின்னு கேக்குது."

"சின்ன ல மச்சான். இந்தக் காதால கேட்டேன்."

"உன் காதுல என்னத்தைக் கேட்ட? சிறப்பு ழடா. நாக்கை மடிச்சுச் சொல்றார், தெளிவா. நீ பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ப் போர்டைக் கழட்டி வச்சிராத."

"பற்பசை விளம்பரத்துல பழத்தைப் பலம்னு சொன்னவர்தானே அவர்?"

"அது காசுக்குச் சொன்னது. உன்கிட்ட நேர்ல வழி விடுன்னு சொன்னாரா இல்லையா? பதில் சொல்லு."

"அந்த நெரிசல்ல எனக்கு என்ன கேட்டுச்சோ!"

"நீ எப்பவும் இப்படித்தான்டா. ஒரு நிலையில நிக்க மாட்ட. வழின்னா வழி!"

"வலிங்கிறேன், நீயேதானேடா அப்ப மைக்குல சொன்ன!"

"சொன்னேன். தப்பு. வாயை மூடிக்கிட்டு ஒத்துக்கயேன்!"

"நீ ஒத்துக்க முதல்ல!"

விளக்கு எப்போதோ பச்சைக்கு மாறியிருந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்கள். பிறகு கூரைமேல் இருந்த பயிற்சி வண்டிப் பலகையைப் பார்த்து, உள்ளே யாரோ புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள், பாவம், ஆசிரியர் வேறு இந்தத் திட்டு திட்டுகிறாரே என்று பொறுமையாக ஒதுங்கிப் போனார்கள்.